அப்பா அம்மா சண்டையும் பத்தாம் வகுப்புப் பையனும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா கேட்கிறார்: "எனக்கும் என் கணவருக்கும் ஏழெட்டு வருடமாகவே ஒத்துப்போகவில்லை. ஆனால் பையன் மேல் நாங்கள் இருவருமே கை வைத்ததில்லை. படிப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தாவது படிக்கிறான். பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பாக்கெட் இருந்தது என்று பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். நண்பனுடைய பைக்கை எடுத்துக்கொண்டு பைபாஸ் வரை போகிறான் என்றும் கேள்விப்பட்டேன். எங்கள் சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை வயசுக்கோளாறா? நாங்கள் பிரிந்துவிட்டால் சரியாகுமா?"

பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும். சம்பந்தம் உண்டு. வயசுக்கும் பங்கு உண்டு. இரண்டும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று பார்த்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சண்டைச் சத்தத்தை விட, அந்தச் சண்டைக்கு நடுவில் பிள்ளை எங்கே நிற்கிறது, அதனால் வீட்டில் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பதைத்தான் நான் அதிகம் கவனிப்பேன்.

வயசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. சிக்னல் மஞ்சளுக்கு மாறிய பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பார்கள். 13 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள், அதற்கு மேல் கல்லூரி வயதுக்காரர்கள், அப்புறம் பெரியவர்கள் என்று மூன்று கூட்டம். பக்கத்தில் நண்பர்கள் இருந்தபோது சின்னப் பிள்ளைகள் எடுத்த துணிச்சல் எகிறியது. பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ஆக, உங்கள் பையன் பின்சீட்டில் நண்பன் உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிலேட்டரை முறுக்குவதற்கு உங்கள் வீட்டுச் சண்டைதான் காரணம் என்று சொல்ல முடியாது. அது அந்த வயசு. ஆனால் அவன் மாலை முழுவதும் நண்பனோடு மட்டும் இருக்கிறானே, ஏன்? வீட்டுக்குள் நுழையவே அவனுக்குப் பிடிக்காமல் போனதற்கு வயசு மட்டும் காரணமாக இருக்காது.

வீட்டில் சண்டை நடக்கும்போது பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று 1990-ல் ஜான் கிரிச்சும் ஃபிராங்க் ஃபின்ச்சமும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பிள்ளை சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை, கணக்குப் போடுகிறது என்றார்கள். இதனால் எனக்கு ஆபத்தா? இது என்னால் வந்ததா? நான் ஏதாவது செய்தால் நிற்குமா? நான்கு வருடம் கழித்து பேட்ரிக் டேவிஸும் மார்க் கம்மிங்ஸும் இன்னொன்று சொன்னார்கள். இந்தக் குடும்பம் உடையாது என்ற நம்பிக்கை இருக்கும்வரை பிள்ளை வெளியே பயமில்லாமல் வளரும்; அது ஆடினால், பிள்ளையின் சக்தி எல்லாம் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதிலேயே போகும். சிலர் நடுவில் புகுந்து சமாதானம் செய்வார்கள். சிலர் வேண்டுமென்றே வம்பு செய்து சண்டையைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் என்னைத் திட்டுகிற அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் ஒரே கட்சியாக இருக்கிறார்கள் என்று ஒரு பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உங்கள் மகன் மூன்றாவது வகை என்று தோன்றுகிறது.

எல்லாச் சண்டையும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சண்டையே போடாத தம்பதி இருப்பதாக நான் நம்பவில்லை, இருக்கவும் தேவையில்லை. கம்மிங்ஸ் குழுவினர் பெரியவர்கள் சண்டையிடும் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள். கோபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கடைசியில் ராசியாகிவிட்டால் பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. தீராமல் இழுப்பது, பேச்சே இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, பிள்ளையைப் பற்றியே சண்டை போடுவது, இவைதான் பிள்ளைகளை வாட்டுகின்றன. நம் ஊரில் இரண்டாவதைச் சண்டைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "இப்போதெல்லாம் நாங்கள் சண்டை போடுவதில்லை, பேசிக்கொள்வதே இல்லை" என்று ஏதோ முன்னேற்றம் மாதிரி சொல்வார்கள். பேசாத வீட்டில் யார் பேசுகிறார்கள்? பிள்ளைதான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "கரண்ட் பில் கட்டியாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." ஒரே கூடத்தில், பத்தடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் பதினைந்து வயதுப் பையன் தூது போய்க்கொண்டிருப்பான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. தூது போகிறவனுக்கு ஒன்று சீக்கிரம் புரிந்துவிடும்: இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இதை எந்தக் கூச்சமும் இல்லாமல் விளக்கினான். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் போய் "குரூப் ஸ்டடி, அப்பா சரின்னுட்டார்" என்பான். அப்பாவிடம் "அம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்பான். ராத்திரி பத்தரை மணிக்குத் திரும்பினாலும் கேள்வி இல்லை, ஏனென்றால் அவனை யார் அனுப்பினார்கள் என்பதே அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடும் என்று இருவருக்கும் பயம். ஒத்துப்போகிற வீட்டில் இந்தப் பொய் அரை மணி நேரம்கூடத் தாங்காது. இவன் வீட்டில் மாதக்கணக்கில் ஓடியது. கெட்ட பையன் இல்லை. கதவு திறந்திருந்தது, போனான்.

சரி, அப்படியானால் இன்னும் கண்காணிக்க வேண்டியதுதானே, போனில் லொகேஷன் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பையே கொஞ்சம் புரட்டிப் போட்டது. பிள்ளையைப் பற்றி அதிகம் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்புக்குப் போவது குறைவு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். பெற்றோருக்கு அது எப்படித் தெரிகிறது என்று இவர்கள் கேட்டார்கள். துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாட்டாலோ தெரிந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி பிள்ளைகளே வாய் திறந்து சொன்னது.

பிள்ளை எப்போது தானாகச் சொல்லும்? சொன்னது தனக்கு எதிராகவோ, அப்பா அம்மாவில் ஒருவர் மற்றவருக்கு எதிராகவோ பயன்படாது என்று தெரிந்தால் சொல்லும். "நேத்து கிரவுண்டுல சண்டை ஆச்சு" என்று அவன் அம்மாவிடம் சொல்கிறான். ராத்திரி அது "உங்க வளர்ப்பு இப்படித்தான்" என்று அப்பாவின் மேல் விழுகிறது. அப்பா காலையில் "ஏன்டா அவகிட்ட போய்ச் சொன்னே" என்கிறார். இரண்டு முறை இப்படி நடந்தால் போதும், மூன்றாவது முறை அவன் சொல்ல மாட்டான். கூல் லிப்பை முதன்முதலில் ஒருத்தன் நீட்டியபோது அதை வந்து சொல்ல அவனுக்கு வீட்டில் ஆள் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பொட்டலம் அது. புகை இல்லை, வகுப்பில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது புகையிலைதான். ராத்திரி தூங்காமல் வந்த பையனுக்கு முதல் பீரியட் ஒரு மாதிரி தெளிவாக இருக்கும், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாது.

தூக்கம் என்றதும் ஒன்று. ஒரு ஹாலும் ஒரு ரூமும் உள்ள வீட்டில் பதினோரு மணிச் சண்டை யாருக்கும் ரகசியம் இல்லை. மோனா எல்-ஷேக் 2006-ல் எட்டொன்பது வயதுப் பிள்ளைகளின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார். பெற்றோர் சண்டை அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகள் குறைவாகவும் விட்டுவிட்டும் தூங்கினார்கள். "அவன் நல்லாத் தூங்கிட்டான், அவனுக்குத் தெரியாது" என்று நீங்கள் நினைக்கும் ராத்திரிகளில் அவன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கலாம்.

அடுத்தது போட்டி. ஒத்துப்போகாத அப்பாவும் அம்மாவும் பிள்ளையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள், பெரும்பாலும் தெரியாமலேதான். அம்மா செலவுக்குப் பணம் கொடுப்பார், அப்பா பதினாறு வயதிலேயே பைக் வாங்கித் தருவார். பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை: 18 வயது ஆகாமல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, வண்டி ஓட்டிய சிறுவன் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோ பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்கள் விஷயத்தில் நண்பனுடைய அப்பாவும் மாட்டுவார். அவரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் கணவர் உங்களோடு வந்தால் இன்னும் நல்லது.

பெண் பிள்ளைகள் வீட்டில் இது வேறு முகத்தில் வரும். பைக்கும் புகையிலையும் கண்ணில் படும், பள்ளியிலிருந்து கூப்பிடுவார்கள். பெண் அமைதியாக இருப்பாள், மதிப்பெண்கூட எடுப்பாள். "அவர் மட்டும்தான் நான் சொல்றதைக் கேட்கிறார்" என்று இருபத்தைந்து வயது ஆள் ஒருவரைப் பற்றிப் பதினாறு வயதுப் பெண் சொல்லும்போது, அவளைத் திட்டுவதற்கு முன்னால் அவள் பேச்சை வீட்டில் கடைசியாக யார் முழுதாகக் கேட்டார்கள் என்று பார்க்க வேண்டும். விஷயம் வெளியே வந்ததும் அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிற வீடுகளும் உண்டு. அது ஒரு ஆபத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது, சட்டப்படி குற்றமும்கூட. கையில் கீறிக்கொண்ட தழும்பு தெரிந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ எல்லாம் எங்களால்தானா" என்று நொந்துபோக வேண்டாம். 1997-ல் ஷெரில் பியூலரும் சகாக்களும் அதுவரை வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெற்றோர் சண்டைக்கும் பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைக்கும் உறுதியான, ஆனால் மிதமான தொடர்புதான் தெரிந்தது. சண்டை நடக்கும் வீட்டிலிருந்து நன்றாக வந்த பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். கடன், குடி, நெருக்கடியான வீடு, பள்ளியில் நடக்கும் அவமானம் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. எதிர்த்திசையும் உண்டு: பையன் செய்கிற வம்பே பாதிச் சண்டையைக் கிளப்புகிறது. "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு" என்று ரத்தத்தின் மேல் பழி போடுகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கோர்டன் ஹெரால்டும் சகாக்களும் 2013-ல், தானமாகப் பெற்ற கருமுட்டை அல்லது விந்தணு மூலம் பிறந்த பிள்ளைகளையும், பிறந்த உடனே தத்துப் போன பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார்கள். வளர்க்கும் பெற்றோரோடு ரத்த சம்பந்தம் இல்லாத அந்தச் சின்னப் பிள்ளைகளிடமும் அதே சங்கிலி தெரிந்தது. தம்பதிக்குள் பகை கூடினால் பிள்ளையிடம் கடுகடுப்பு கூடுகிறது, அதனால் பிள்ளையின் முரட்டுத்தனம் கூடுகிறது. பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது.

பிரிந்துவிட்டால் சரியாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பால் அமாட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட, அமெரிக்கக் குடும்பங்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கடும் சண்டை நடந்த வீடுகளில் பெற்றோர் பிரிந்தபோது, சேர்ந்தே இருந்து சண்டை போட்டவர்களின் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பின் நன்றாக இருந்தார்கள். பெரிய சண்டை இல்லாமல் இருந்து திடீரெனப் பிரிந்த வீடுகளில் நிலைமை நேர்மாறு. அமெரிக்காவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே பிரிவு என்றால் தாத்தா பாட்டி, சித்தப்பா, மாமா எல்லாரும் கட்சி கட்டுவார்கள்; பொருளாதாரச் சுமையும் பெண்ணின் மேல்தான் விழும். ஆனால் "பிள்ளைக்காகத்தான் சேர்ந்திருக்கிறோம்" என்பது எப்போதும் பிள்ளைக்கு நல்லது என்று நினைப்பது தவறு என்பதை அந்த ஆய்வு காட்டுகிறது.

அதோடு பிரிவு சண்டையை நிறுத்திவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை. கிறிஸ்டி பியூக்கனன், எலினார் மேக்கபி, சான்ஃபோர்டு டார்ன்புஷ் மூவரும் 1991-ல் வெளியிட்ட ஆய்வுக்காக, பெற்றோர் விவாகரத்தான, பத்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் பேசினார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தான் மாட்டிக்கொண்டதாக உணர்ந்த பிள்ளைகளிடம்தான் மனச்சோர்வும் வழிதவறிய நடத்தையும் அதிகம் இருந்தன. குடும்ப நீதிமன்ற வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருப்பது என்று பிள்ளை முன்னாலேயே வாக்குவாதம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிரிந்தாலும் சேர்ந்திருந்தாலும் முதலில் நிறுத்த வேண்டியது அந்தத் தூது வேலையை.

இவ்வளவும் வாய்ச்சண்டைக்குத்தான். அடி, மிரட்டல், பொருளை உடைப்பது என்று இருந்தால் "இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்" என்ற அறிவுரையே ஆபத்து. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். பிள்ளைக்கே ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் இந்த விஷயத்தைப் பலர் முதல் முறை எழுதுவதில்லை என்பதால் சொல்கிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கணவரோடு எல்லாம் சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பந்தம் போடுங்கள்: பையன் பற்றிய தகவல் அவன் வழியாகப் போகாது. இரவு எத்தனை மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், பைக் கூடாது, இந்த இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுதி இருவரும் சரி என்று போட்டுக்கொண்டால்கூடப் போதும். நேரில் பேச முடியாதவர்களுக்கு எழுத்து நல்லது, அதில் குரல் உயராது. கணவர் ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால் நீங்கள் மட்டும் தூது அனுப்புவதை நிறுத்துங்கள். ஒரு பக்கத் தூது நின்றாலே பாதிச் சுமை இறங்கும்.

அவன் முன்னால் சண்டை நடந்துவிட்டால், முடிந்ததையும் அவன் பார்க்கட்டும். முடியவில்லை என்றால், "இது எங்கள் ரெண்டு பேர் விஷயம், உன்னால் வந்தது இல்லை, நீ இதைத் தீர்க்க வேண்டியதும் இல்லை" என்று ஒரு தடவை நேராகச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பையன் "தெரியும்மா" என்று எரிச்சலாகச் சொல்வான். பரவாயில்லை, சொல்லுங்கள். பாக்கெட் விஷயத்தை எடுக்கும்போது "யார் கொடுத்தது" என்று தொடங்காதீர்கள், அது விசாரணை. எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை, விட்டுப் பார்த்தாயா என்று கேளுங்கள். அவன் சொன்னதை அன்று ராத்திரிச் சண்டையில் எடுக்காதீர்கள். அடுத்த தடவை அவன் வாய் திறப்பானா என்பது அதில்தான் இருக்கிறது.

ஆலோசகரிடம் போவதைப் பற்றியும் கேட்பீர்கள். வழக்கமாகப் பெற்றோர் பையனை இழுத்து வந்து எங்கள் முன்னால் உட்காரவைத்து "இவனைச் சரி பண்ணுங்க" என்பார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கலிஃபோர்னியாவில் பிலிப் கோவன், கரோலின் கோவன் தம்பதி நடத்திய பெற்றோர் குழுக்களில், சிலவற்றில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச அதிக நேரம் ஒதுக்கினார்கள், சிலவற்றில் கணவன் மனைவி உறவைப் பற்றிப் பேச. இரண்டாவது வகைக் குழுவில் இருந்தவர்களுக்கு உறவும் தேறியது, பிள்ளை வளர்ப்பும் தேறியது. பத்து வருடம் கழித்தும் அவர்கள் பிள்ளைகளிடம் பலன் தெரிந்தது. அதனால் முதல் முறை பையனை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போங்கள். அவர் வரவில்லை என்றால் நீங்கள் மட்டும் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காசு கிடையாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். புகையிலையைக் கைவிட உதவி தேவை என்று பையனே ஒத்துக்கொண்ட பிறகு அவனுக்குத் தனியாக ஒரு நேரம் வாங்குங்கள். அங்கே அவன் பேசும்போது நீங்கள் வெளியே பெஞ்சில் இருங்கள். வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்று கேட்காதீர்கள்.